பெரியப்பாவுக்கு மாதா சொன்ன பதில்

பொஸ்டனில் கிடைத்த வேலைக்காகக் குடும்பத்தோடு அமெரிக்காவுக்குப் போவதா, மொன்றியலிலேயே இருப்பதா என்று தெரியாமல் என் மகன் சென்ற மாதம் தவித்துக்கொண்டிருந்தான். பூசை முடிந்து வெளியே நின்றபோது எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஒருவர், "திருவுளச்சீட்டுப் போட்டுப் பாருங்கோவன். பேத்தி எடுக்கட்டும்" என்றார். நல்லெண்ணத்துடன்தான் சொன்னார். நான் பதில் சொல்லாமல் நடந்துவிட்டேன். சொல்லியிருந்தால் அது கோவில் வாசலில் சொல்லத்தக்கதாக இருந்திராது.

முடிவெடுக்க முடியாத விடயத்துக்கு இரண்டு கடதாசித் துண்டுகளில் இரண்டு விடைகளை எழுதிச் சுருட்டி, மாதாவின் படத்துக்கு முன் வைத்துச் செபித்து, சூதறியாத பிள்ளை ஒன்றைக்கொண்டு ஒன்றை எடுப்பிப்பது யாழ்ப்பாணக் கத்தோலிக்கராகிய எங்களின் வழக்கம். வருவது மாதாவின் விருப்பம். அதன்மேல் வழக்காட எவருக்கும் உரிமை இல்லை. எனது பத்தாவது வயதில் அந்தச் சூதறியாத பிள்ளையாக நான் நியமிக்கப்பட்டேன்.

அப்போது மொன்றியலின் வில்லரே பகுதியில் மூன்றாம் மாடியில் குடியிருந்தோம். ஊரில் ஆங்கில ஆசிரியராக இருந்த அப்பா, பிரெஞ்சு தெரியாத குற்றத்துக்காக உணவகமொன்றில் கோப்பை கழுவினார். அம்மாவோ தையல் தொழிற்சாலையில் ஹெயிட்டிப் பெண்களோடு இருந்து அவர்களிடமே பிரெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மூலைக்கடைக்காரரோடு பழைய பாலுக்காகச் சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறியிருந்தார். நான் வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தேன். இங்கே தங்குவதற்கான கடதாசிகளும் கைக்கு வந்துவிட்டன.

நியூ ஜேர்சியில் இருந்த பெரியப்பாவுக்கு இவை எதுவும் பொருட்டல்ல. அவருடைய வீட்டின் கீழறையில் நாங்கள் இருக்கலாம், அவருடைய கடையில் அப்பா நிற்கலாம், கடதாசி அலுவலைப் பிறகு பார்க்கலாம் என்று அவரே தீர்மானித்துவிட்டார். தகப்பனை இழந்த அப்பாவைப் படிப்பித்து ஆளாக்கியவர் அவர். தொலைபேசியில் அவருடைய குரல் கேட்டால் அப்பா எழுந்து நின்றுதான் கதைப்பார்.

"இங்கை கடதாசி இருக்கு. அங்கை போய் ஒளிச்சுக்கொண்டு இருக்கிறதோ?" என்று அம்மா கேட்பார்.

"அண்ணை சொல்லிப்போட்டார்."

"அண்ணை சொன்னா ஆத்துக்கையும் குதிப்பியளோ?"

"எனக்கு நீச்சல் தெரியாதெண்டு அவருக்குத் தெரியும். அப்பிடிச் சொல்லமாட்டார்" என்பார் அப்பா.

கோடை விடுமுறையில் ஒரு சனிக்கிழமை பெரியப்பா தாமே வான் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். எங்கள் சாமான்களை ஏற்றுவதற்காகப் பின் இருக்கைகளைக் கழற்றிவிட்டிருந்தார். எவரையும் கேளாமல் கட்டிலையும் மேசையையும் சாண் கணக்கில் அளந்தார். "பிள்ளை, உந்தத் தையல் மெசினை விட்டிட்டு வாரும். அங்கை நல்லது வாங்கலாம்" என்று அம்மாவுக்கு உத்தரவிட்டார். அம்மா மெசினின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் அப்பா, "மாதாவையும் ஒருக்காக் கேட்டுப் பாப்பம் அண்ணை" என்றார்.

பெரியப்பாவால் மறுக்க முடியாத ஒரே ஆள் மாதாதான். "ஓம், கேக்கத்தானே வேணும்" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினார்.

அப்பா குசினியிலிருந்து சீட்டுகளை எழுதிக்கொண்டு வந்து ஒரு கோப்பையில் போட்டார். "அருள் நிறைந்த மரியே" செபத்தைப் பத்துத் தரம் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தேன். பெரியப்பா அதை வாங்கி விரித்து வாசித்தார்.

"இங்கேயே இரு."

எனக்குப் பெரிய மகிழ்ச்சி. பெரியப்பா சீட்டை மறுபுறமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அம்மாவை நோக்கி, "நீர் நல்லா மன்றாடியிருக்கிறீர் போலை, பிள்ளை" என்றார்.

"ஓம் பெரியத்தான், மன்றாடினனான்" என்றார் அம்மா. பொய் சொல்லத் தெரியாதவர். அப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா ஊற்றிவைத்த தேத்தண்ணீரைத் தொடாமலே பெரியப்பா படியிறங்கிப் போனார்.

கோப்பையைக் கழுவ எடுத்தபோது எஞ்சிய சீட்டை விரித்துப் பார்த்தேன். அதிலும் "இங்கேயே இரு" என்றே இருந்தது. அப்பாவின் அழகான ஆசிரியர் எழுத்து.

பின்பக்கப் பல்கனியில் நின்ற அவரிடம் கொண்டுபோய் நீட்டினேன். "இதிலையும் அதுதான் எழுதியிருக்கு."

அவர் அதைப் பறித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். "அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை."

"மாதாவை ஏமாத்தியிருக்கிறியள்."

"அவ ஒண்டும் நினைக்கமாட்டா. அவவுக்கு என்னைத் தெரியும்."

"வர விருப்பமில்லையெண்டு பெரியப்பாட்டையே சொல்லியிருக்கலாமே?"

"அண்ணையிட்டையோ?" என்றார் அப்பா. நான் ஏதோ தகாத வார்த்தை சொல்லிவிட்டதைப் போல என்னைப் பார்த்தார்.

தமையனுக்கு "இல்லை" என்று சொல்ல அவருக்குத் துணிவில்லை. அதற்காக மாதாவின் வாயையும் என் கையையும் எடுத்துக்கொண்டார். அதையாவது பொறுக்கலாம். "தம்பியைப் பிரிச்சவள்" என்ற பெயரை அம்மா சுமந்தாரே, அதை எப்படிப் பொறுப்பது? பெரியப்பாவின் மகளுடைய கலியாண அழைப்பு அப்பாவின் பெயருக்கு மட்டும் வந்தது. அப்பா போய்வந்தார். பெரியப்பாவின் சாவீட்டில் அம்மாவுக்கு ஒருவரும் கதிரை இழுத்துப் போடவில்லை. அப்பா அங்கேயும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்குத்தான் வர விருப்பமில்லை" என்ற ஒரு வசனம் போதும்; அந்த ஒரு வசனம் அவருடைய வாயிலிருந்து கடைசிவரை வரவில்லை. அம்மா கண்மூடும்வரை நானும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமைக்குப் பின் ஒரு கிழமை முழுவதும் நான் அப்பாவோடு கதைக்கவில்லை. அவர் செய்த அநியாயத்துக்குப் பரிகாரமாக ஒவ்வொரு மாலையும் மாதாவின் படத்துக்கு முன் முழந்தாளிட்டு, செபமாலையை உருட்டி ஐம்பத்துமூன்று மணிச் செபம் சொன்னேன். தம்முடைய மன்றாட்டுக் கேட்கப்பட்டது என்ற நன்றியில் அம்மாவும் என் அருகில் முழந்தாளிட்டுச் சொன்னார். ஏமாற்றப்பட்டவர் படத்தில் இருப்பவர் மட்டுமே என்று அப்போது நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.