டீச்சருக்கு ஆடாத பதில் நகர்வு

நடுவர் ஒரு பழுப்பு உறையைக் கத்தரிக்கோலால் வெட்டியதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அறுபதுகளின் தொடக்கம், சேலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சதுரங்கப் போட்டி. நான் எடப்பாடியில் நெசவாளர் சங்கமொன்றில் குமாஸ்தா. எதிரே சேலத்துக் கத்தோலிக்கக் குடும்பத்து டீச்சர். அத்தனை ஆண்களுக்கு நடுவே ஒரே பெண். இவரிடம் தோற்றால் ஊரில் தலைகாட்ட முடியாது என்ற வீம்போடுதான் உட்கார்ந்தேன்.

நான் ராஜாவின் முன்னிருந்த சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அவர் தன்னுடையதை ஒரே கட்டம் நகர்த்தினார். பிரெஞ்சுத் தற்காப்பு. அதில் ஒரு பிஷப் சொந்தச் சிப்பாய்களுக்குப் பின்னாலேயே நெடுநேரம் அடைபட்டுக் கிடக்கும், பொறுமையில்லாதவர்களுக்கு ஒத்துவராது. அவருக்குப் பொறுமை ஏகத்துக்கும் இருந்தது. யோசிக்கும்போது சேலைத் தலைப்பின் நுனியை விரலில் சுற்றுவார், காயை நகர்த்தியதும் விட்டுவிடுவார். மூன்றாம் மணி நேரத்தில் நான் பலகையை விட்டுவிட்டு அந்த விரலைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். வீம்பு போன இடம் தெரியவில்லை.

மாலைவரை ஆட்டம் முடியாததால் மறுநாளைக்கு ஒத்திவைத்தார்கள். அக்கால வழக்கப்படி அவர் தன் அடுத்த நகர்வை எனக்குக் காட்டாமல் எழுதி, உறைக்குள் போட்டு ஒட்டி நடுவரிடம் கொடுத்தார். "நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. பூசை முடிஞ்சதும் வந்துர்றேன்" என்றார் என்னிடம்.

காலையில் அவர் வரவில்லை. நடுவர் உறையைப் பிரித்து அவருக்காகக் காயை நகர்த்தினார். அடைபட்டிருந்த பிஷப் என் சிப்பாயை வெட்டிக்கொண்டு ராஜாவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. என் கடிகாரம் ஓடத் தொடங்கியது. எனக்கு மீதம் நாற்பது நிமிடம். நான் பதிலுக்கு ஆடினால் அவருடையது ஓடும், அவரிடமோ கால்மணிதான். அவர் வருவதற்குள் அது தீர்ந்து தோற்றுப்போனால்? நான் கையைக் கட்டிக்கொண்டு வாசலையே பார்த்தேன்.

"ஏஞ்சாமி, காய நகத்தாம அங்கென்ன பாக்கற? உன்ற நேரந்தான ஓடுது?" என்றார் நடுவர்.

"யோசிக்கறனுங்க" என்று புளுகினேன்.

என் நேரம் தீர்ந்தது. நடுவர் என் தோல்வியை எழுதிக்கொண்டிருக்கும்போதே, முக்காடு தோளில் சரிய, மூச்சு வாங்க அவர் வந்துவிட்டார். பலகையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். ஜெயித்தவர் முகமா அது!

"பூசை முச்சூடும் இதே நெனப்புங்க. இதுக்கு என்ன ஆடறதா இருந்தீங்க?"

"தெரியலீங்க" என்றேன். அது மட்டும் உண்மை.

"விட்டுக் குடுத்தீங்களா?" என்றார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அதன்பின் எந்தப் போட்டிக்கும் அவர் வரவில்லை.

எனக்குப் பேரன் பேத்தி எடுத்தாயிற்று. இன்னமும் சேலத்துக் கடைவீதியில் வயதான பெண்கள் தலைப்பை விரலில் சுற்றினால் நின்றுவிடுகிறேன். அந்தப் பதிலை ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அவரிடம் சொல்லத்தான் கொடுத்து வைக்கவில்லை. ராஜாவை மூலைக்கு ஒதுக்கினால் போதும். என் கடைசி நிமிடத்தில் அதை ஆடியிருந்தால் அவர் கடிகாரத்தில் ஐந்து நிமிடம்கூடப் போயிருக்காது. அதற்குள் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்திருப்பார்.