மூன்றாம் இணைப்பில் ஒரு போட்டோ

போன செவ்வாய்க்கிழமை மரக்காணம் போயிருந்தேன். அங்கே உப்பளத் தொழிலாளர் குழு ஒன்றுக்கு எழுத்து வேலையெல்லாம் செய்து கொடுப்பவன் நான் — உங்களுக்குத்தான் தெரியுமே. குழுவுக்கு கிராண்ட், அதாவது நிதியுதவி, கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு மேடம் ஆய்வுக்கு வந்தார். நிழல் கொட்டகையும் குடிதண்ணீர்த் தொட்டியும் நிஜமாகவே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டுமாம்.

இருந்தன. மேடம் தொட்டித் தண்ணீரைக் குடித்தே பார்த்துவிட்டார்!

ஆனால் மகளோடு நின்றிருந்த உப்பளத் தொழிலாளி அஞ்சலை கொட்டகையையும் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை. மேடம் கையிலிருந்த ஃபைலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிராண்ட் வாங்குவதுதான் பெரும்பாடு என்று நினைத்திருந்தேன். அட, கிடைத்த பிறகல்லவா இருக்கிறது கூத்து! மூன்று மாதத்துக்கு ஒரு ரிப்போர்ட். தொட்டியை நாலடி தள்ளிக் கட்டினால் அதற்கொரு அனுமதிக் கடிதம். பயனாளிகள் பட்டியலில் மாற்றம் என்றால் காரணத்தை ஒரு வரியில் எழுத வேண்டும்.

அந்தப் பட்டியலில் முதல் பெயர் ஏகாம்பரம். அஞ்சலையின் கணவர். 2004 கோடையில் நாங்கள் விண்ணப்பம் அனுப்பியபோது இருந்தார். டிசம்பரில் உப்பு வேலை கிடையாது. வலை இழுக்கும் கூலிக்குக் கடற்கரைக்குப் போனார். அன்றைக்குத்தான் சுனாமி வந்தது.

கிராண்ட் அடுத்த வருஷம் வந்தது. முதல் ரிப்போர்ட்டிலேயே அவர் பெயரை அடித்துவிட்டு, காரணம் என்ற கட்டத்தில் 'காலமானார்' என்று எழுதினேன். ஒரு வரிக்குக்கூட வரவில்லை...

அலையில் அஞ்சலை வீட்டோடு கல்யாண போட்டோ, ஓட்டு அட்டை எல்லாம் போய்விட்டன. குழுவுக்காக நான் எடுத்த போட்டோக்களின் நெகட்டிவும் பெட்டிக்குள் நனைந்து பாழ். மிச்சம் ஒன்றே ஒன்று — விண்ணப்பத்தோடு மூன்றாம் இணைப்பாக நான் அனுப்பிய உப்பளத்து போட்டோ.

"அதுல அவரு இருக்காரு இல்ல சார்? எப்படியாவது வாங்கிக் குடுங்க சார். பாப்பா, அப்பா மொகம் மறந்துபோச்சுன்னு சொல்லுது. எனக்கே சில நாளு..." என்று பாதியில் நிறுத்திவிடுவார் அஞ்சலை.

ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் 'சந்தித்த சிரமங்கள்' என்ற பகுதியில் அதைக் கேட்டு எழுதினேன். ரிப்போர்ட் கிடைத்தது, நன்றி என்று பதில் வரும். அவ்வளவுதான்.

இப்போது ஃபைலே வந்துவிட்டது! விஷயத்தைச் சொன்னதும் மேடம் புரட்டி எடுத்துக் கொடுத்தார். அஞ்சலை முந்தானையில் கையைத் துடைத்துத் துடைத்து வாங்கினார்.

நல்ல வெயில். குவியல் குவியலாக உப்பு. முன்னால் ஏகாம்பரம் குனிந்து பலகையால் உப்பு வாருகிறார். முதுகு மட்டும்தான் தெரிகிறது.

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, சிரித்தபடி கேமராவுக்கு நேராகத்தான் வந்து நின்றார். நான்தான் விரட்டினேன். "ஏம்பா, இது என்ன கல்யாண போட்டோவா? கேமராவைப் பாக்காத. நீ பாட்டுக்கு வேலையப் பாரு." விண்ணப்பத்துக்கு ஆள் வேலை செய்துகொண்டிருக்கிற ஆக்‌ஷன் போட்டோதான் எடுபடும் என்று எவரோ சொல்லியிருந்தார்கள்.

அஞ்சலை அந்த முதுகை விரலால் தடவினார். "அவருதான் சார். எடது தோளு எறங்கியிருக்கும்." பிறகு என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு தபா திரும்பச் சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

அவர் திரும்பித்தானம்மா நின்றார் என்று சொல்ல அங்கே எனக்கு வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மேடம் போட்டோவை அஞ்சலையிடமே விட்டுவிட்டார். "ஃபைல்ல அந்த இடம் காலியா இருக்கக் கூடாது சார். பதிலுக்கு வேற ஒண்ணு எடுத்துக் குடுத்துடுங்க" என்றார்.

கேமராவை எடுத்தேன். அஞ்சலை யாரும் சொல்லாமலேயே கூடையைத் தூக்கிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம்!

"கூடைய வச்சிட்டு நிமிருங்கம்மா. பாப்பாவையும் பக்கத்துல நிக்க வைங்க. ரெண்டு பேரும் இங்க பாருங்க..."

பார்த்தார்கள். ஆக்‌ஷன் போதவில்லை என்று கடிதம் வந்தால் வரட்டும்.