நார்வே என்று நினைத்து ஒளிந்தவன்

எஃபி மெக்காஸ்கில் ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் உள்ள ஒரு சின்னத் தீவின் தபால்காரி. போர்க்காலத்தில் ஆண்களெல்லாம் கப்பலுக்குப் போய்விட, அந்த வேலை முப்பது வயதில் அவளுக்கு வந்தது. 1942-ல் அவள் தம்பி போன கப்பல் மூழ்கியது. அந்தத் தந்தியையும் அவளேதான் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள். ‘காணவில்லை’ என்று மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு அவள் அம்மா வாசற்கதவைத் தாழிடவே இல்லை.

1944 மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலை, அமெரிக்காவில் செய்து இங்கே ஒப்படைப்பதற்காகப் பறந்துவந்த கடல்விமானம் ஒன்று மூடுபனியில் வழி தவறி மலையில் மோதியது. முதலில் ஓடியவர் ஆடு மேய்க்கும் டூகல். ஊரார் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய் அடிபட்டவர்களை அதில் கிடத்தி இறக்கினார்கள். ஐந்து பேருக்கு உயிர் இருந்தது; மூன்று பேருக்கு இல்லை.

தோள் முறிந்து கிடந்த விமானி, “நாங்க ஒன்பது பேர்” என்றார்.

மதியம்வரை தேடினார்கள். மூடுபனிக்குள் கூப்பிட்டுக் கூப்பிட்டு டூகலுக்குத் தொண்டை கட்டிவிட்டது. படகில் வந்த விமானப்படை சார்ஜென்ட் நோட்டைத் திறந்தார்.

“கடல்ல விழுந்திருப்பான். காணவில்லைன்னு எழுதிக்கிறேன்.”

“எழுதாதீங்க சார்” என்றாள் எஃபி. குரல் அவளுக்கே அதிகமாகக் கேட்டது. “நான் எப்படியும் மலைக்குப் பின்னால தபால் குடுக்கப் போகணும். திரும்பி வர்ற வரைக்கும் பொறுங்க.”

பின்சரிவில் ஓடையோரச் சேற்றில் பூட்ஸ் தடம் இருந்தது. ஒரு கால் பதிந்தும் மறுகால் இழுபட்டும் போயிருந்தது. அது எரிப்பதற்காகக் கரிமண் வெட்டியெடுத்த பள்ளம்வரை போய் நின்றது. அவள் தங்கள் கேலிக் மொழியில் கூப்பிட்டாள். வெட்டிய மேட்டுக்குப் பின்னால் தெரிந்த மஞ்சள் துணி ஒன்று மெதுவாக உள்ளே நழுவியது.

உயிரோடு இருக்கிறான், ஒளிகிறான்! ஏன் என்று ஒரு நிமிஷம் அவளுக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் ராஜாவின் கிரீடச் சின்னம் போட்ட தபால் பையைத் தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் கத்தினாள்: “பயப்படாதே! இங்கே பார்!”

சேறு அப்பிய முகம் ஒன்று எழுந்தது. இருபது வயதிருக்கும்.

“அது... நம்ம ராஜாவோட கிரீடமா?”

“பின்னே? வேற எந்த ராஜாவோட தபாலை நான் இந்தச் சேத்துல சுமப்பேன்?”

“அப்போ இது ஜெர்மன்காரங்க பிடிச்சு வெச்சிருக்கிற நார்வே இல்லையா?”

“நார்வேயா! டூகல் காதுல விழுந்தா மூணு நாள் சோறு தண்ணி இறங்காது அவருக்கு.”

“காலையிலேருந்து கத்தினாங்க. ஒரு வார்த்தை புரியல. ஜெர்மன்காரங்கன்னு நெனச்சேன்.”

“‘எங்கேடா இருக்கே மகனே’ன்னு கூப்பிட்டாங்கப்பா” என்றாள். சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

வானொலி இயக்குபவனாம், பெயர் சிரில் ஹாப்வுட். கணுக்கால் முறிந்திருந்தது. தன் மதியச் சாப்பாடான ஓட்ஸ் ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் அவன் கையில் வைத்தாள். அவன் கடிக்காமல், “மத்தவங்க?” என்றான்.

“அஞ்சு பேர் பிழைச்சிட்டாங்க. மூணு பேர் இல்லப்பா.” பெயர்களைக் கேட்டான், சொன்னாள். கடைசிப் பெயருக்கு அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவள் தன் கோட்டைக் கழற்றி அவன்மேல் போர்த்தினாள்.

பிறகு மேட்டில் ஏறிக் குரல் கொடுத்தாள். முதலில் வந்தவர் டூகல்தான்.

“அடப்பாவி, உன் தலைமேலேயே ரெண்டு தடவை நடந்தேனேடா!” என்று திட்டிக்கொண்டே அவனை முதுகில் தூக்கிக்கொண்டார். கீழே சார்ஜென்ட் நோட்டைப் பையில் வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்.

வியாழக்கிழமை மூன்று சவப்பெட்டிகளும் படகேறின. கணுக்காலுக்குக் கட்டுப் போட்டு எஃபி வீட்டில் தங்கியிருந்த சிரில் ஊன்றுகோலோடு துறையில் நின்றான். எஃபியின் அம்மா அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். படகு மறைந்ததும், “வா, சூப் ஆறிடும்” என்று அவனை வீட்டுக்கு அழைத்துப்போனாள். அன்று மத்தியானம் எஃபி பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியிலேயே தூங்கிப்போனாள். எழுந்தபோது அவனும் அம்மாவும் ஒருவர் பேச்சு ஒருவருக்குப் புரியாமலே உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள்.