அம்மாவின் நம்பர்

இத்தாலியில், பிரான்காச்சோப் பக்கம் போகும் பஸ்ஸில் என்னோடு வேலைக்கு வருகிறவள் சூடான்காரி. இரண்டு பேரும் ஒரே கட்டடத்தில்தான் துப்புரவு வேலை. எங்களுக்குள் உடைந்த இத்தாலியன்தான். அக்கா என்ற சொல்லை மட்டும் என்னிடம் பிடித்துக்கொண்டாள். அதனாலோ என்னவோ, அவள் கதைப்பது எனக்கு யாழ்ப்பாணத் தமிழாகவே கேட்கும்.

அவளுடைய ஊரில் சண்டை. அரசுதான் இணையத்தை நிறுத்தியது என்று ஒரு பக்கம் சொன்னது, எதிராளிகள்தான் என்று மறுபக்கம் சொன்னது. யார் செய்தால் என்ன, வாயடைத்துப் போனது சனங்கள்தான். தாயிடமிருந்து மாதக்கணக்காகச் சத்தமில்லை. இவள் விடவில்லை. காலையில் பஸ் ஏறியதும் தாய்க்குக் குரல் செய்தி அனுப்புவாள்: மழை, முழங்கால் வலி, வேலை வாங்கும் சிஞ்ஞோராவின் ஏச்சு. போய்ச் சேரவில்லை என்று ஃபோனில் ஒற்றைச் சரி அடையாளம் மட்டும் விழும். வன்னியில் தொடர்பு அறுந்த நாட்களைப் பார்த்தவள் நான். புத்தி சொல்லப் போகவில்லை.

ஒரு காலை இரட்டைச் சரி விழுந்தது. பிறகு நீலமானது. கேட்டுவிட்டார்கள். அவள் பஸ்ஸிலேயே அழுதாள், நானும் அழுதேன். நல்ல சேதி வந்தால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? வழியில் தேங்காய் வாங்கி வேலைத்தலத்து வாசற்படியில் உடைத்தேன். காவலாளி முறைத்தான். முறைக்கட்டும்.

மத்தியானம் அவள் அந்த நம்பருக்கு எடுத்தாள். அரபியில் கொஞ்சம் கதைத்தாள். முகம் விழுந்துபோனது.

"அது அம்மா இல்லை, அக்கா. ஒரு பெட்டை. கன நாள் பாவிக்காத நம்பரை வேறை ஆளுக்குக் குடுக்கலாமாம், சட்டமாம். இந்தப் பிள்ளை கடையிலை புதுசா வாங்கினதாம்."

"அம்மாவைத் தெரியுமோ எண்டு கேட்டனியோ?"

"கேட்டன். தெரியாதாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குண்டுக்குப் பயந்து ஓடுகிறவள் சிம்மைப் பாவிக்கவில்லை என்று நம்பரைப் பிடுங்குகிற சட்டத்தை எந்தப் புண்ணியவான் எழுதினான்?

"அம்மா உயிரோடை இருந்தால் எப்பிடியும் உனக்கு எடுப்பா" என்றேன்.

அவள் தலையாட்டினாள். இல்லை என்று.

"அவவுக்கு வாசிக்கத் தெரியாது, அக்கா. என்ரை நம்பர் பாடமுமில்லை. எப்பவும் நான்தான் எடுக்கிறனான்."