கிழக்கு பார்த்த மணை

எனக்கு எழுபத்தெட்டு வயது ஆகிறது. ஆறு பேரை வளர்த்தேன். நாலு பேர் நான் பெற்றது, இரண்டு பேர் என் கொழுந்தன் விட்டுப்போனது. ஆறு பேர் கல்யாணத்தையும் நான்தான் முன்னால் நின்று நடத்தினேன். கையெழுத்துப் போடுவேன், பஸ்ஸில் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்குமேல் படிப்பு இல்லை. நான் சொல்லச் சொல்ல, என் மகன் வயிற்றுப் பேத்தி எழுதுகிறாள். பேச்சை எழுத்தாக்குவது அவள் பொறுப்பு. சேதி என்னுடையது.

என் மூத்த மகளின் பெண்ணுக்கு இந்த மாசியில் கல்யாணம் நடந்தது. அந்த ஆல்பத்தின் முதல் பக்கத்தில் என் வாக்கு இருக்க வேண்டும் என்று அவள் கேட்டாள். அதற்காகத்தான் இது.

சம்பா நடவு முடிந்த சமயம் அவள் சென்னையிலிருந்து போன் பண்ணினாள். மாப்பிள்ளைக்கு ஊர் பூதலூர்ப் பக்கம், வேலை சிங்கப்பூரில்.

"அம்மாச்சி, கல்யாணத்தைத் தாய்லாந்துல வச்சுக்கலாம்னு இருக்கோம். ஒரு தீவு, கடற்கரையிலயே ஹோட்டல்."

"ஏன், பாபநாசத்துல இருக்க மண்டபமெல்லாம் இடிஞ்சு போச்சா?"

"அங்க வச்சா ஆயிரம் பேர் வருவாங்க. தீவுலன்னா அறுபது பேர்தான். போட்டோ நல்லா வரும் அம்மாச்சி."

பக்கத்தில் இருந்த என் சின்ன மகனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "போட்டோ புடிக்க ஏரோப்ளேன் ஏறணுமாம்! நம்ம போர்செட்டுல தண்ணிய எடுத்துவிட்டு ரெண்டு படம் எடுத்தா கடலு மாதிரிதான் இருக்கும்" என்றான்.

நான் சிரிக்கவில்லை. அவள் எந்தப் படத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறாள் என்று எனக்குத் தெரியும்.

அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது அவள் அப்பா இறந்துபோய்விட்டார். என் மகளுக்கு அவர் தாலி கட்டிய படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. கெட்டிமேளம் கொட்டியதும் அட்சதையை அள்ளிக்கொண்டு யாரோ கேமராவுக்கு முன்னால் ஓடி வந்துவிட்டார்கள். படம் முழுக்க ஒரு முதுகு. பச்சைப் பட்டு, கொண்டையில் கனகாம்பரம். அந்த முதுகுக்கு இடப்பக்கம் மஞ்சள் கயிற்றைப் பிடித்த ஒரு கை மட்டும் தெரியும். என் மருமகனின் கை. முகம் இல்லை. அந்த நேரத்தில் எடுத்தது அந்த ஒரு படம்தான்.

அந்த முதுகு என்னுடையது.

குழந்தையாக இருந்தபோது ஒருநாள் அவள் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, என் முதுகின்மேல் விரலை வைத்துத் தள்ளினாள். "அம்மாச்சி, கொஞ்சம் நகரேன்" என்றாள். நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுக்கு அது நினைவிருக்கிறதோ என்னவோ. எனக்கு இருக்கிறது.

அதனால் சரி என்றேன். இரண்டே நிபந்தனைதான் போட்டேன். முகூர்த்தம் நம் ஐயர் குறிப்பதுதான், மணை கிழக்கு பார்த்துத்தான். அவளும் ஒன்று கேட்டாள். தாலி கட்டும்போது பின்னால் கடல் மட்டும் தெரிய வேண்டும். நடுவில் ஒருத்தர் வரக்கூடாது.

"அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்" என்றேன்.

படம் எடுக்கக் கும்பகோணத்துப் பெண் ஒருத்தியைப் பேசினார்கள். முடியைக் குட்டையாக வெட்டியிருப்பாள், காலில் ஷூ. முதல் தடவை வீட்டுக்கு வந்தவள், "பாட்டி, காலைல ஏழரைலேந்து எட்டரை முகூர்த்தம்னா வெளிச்சம் அருமையா இருக்கும். ஆனா வெயில் எந்தப் பக்கம்னு பாக்கணும்" என்றாள். வெயிலைப் பற்றி என்னிடமா? ஐம்பது வருஷம் களத்தில் நெல் காயவைத்தவள் நான். எந்த மாதத்தில் எந்தச் சுவர் நிழல் எதுவரை வரும் என்று கேட்டால் சொல்லுவேன்.

மூன்று ஹோட்டலின் வரைபடத்தைத் தாளில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். எழுத்துதான் எனக்கு வராது, படம் வரும். வாய்க்கால் வரப்புக்காகப் பக்கத்து வயல்காரரோடு ஏழு வருஷம் தாலுகா ஆபீசுக்கு அலைந்தபோது, சர்வேயர் கையில் இருந்த புலப்படத்தைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். தாளின் மேல்பக்கம் வடக்கு. வலது கை கிழக்கு, இடது கை மேற்கு. இரண்டாவது தாளில் கடல் இடப்பக்கம் இருந்தது.

"இதுதான். கடல் மேற்கால இருக்கு. மணையில கிழக்கு பாத்து உக்காந்தா முதுகுக்குப் பின்னாடி கடலு, மூஞ்சியில காலை வெயிலு. முடிச்சிடுங்க."

படம் எடுக்கிற பெண் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "பாட்டி, நீங்க எங்கூடயே வேலைக்கு வந்துடுங்க" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

மாசி பிறந்தது. அறுவடை முடிந்து வயலெல்லாம் அறுத்த நெல்லுத் தாள் நின்றது. மணை இரண்டு, சின்ன அம்மி ஒன்று, மஞ்சள், கூறைப்புடவை எல்லாம் கட்டினோம். திருச்சி ஏர்போர்ட்டில் பெட்டியை மெஷினில் விட்டதும் நிறுத்திவிட்டார்கள்.

"என்னம்மா இது, கல்லு?"

"அம்மிங்க."

"இதெல்லாம் எதுக்கும்மா அங்க?"

"உங்க கல்யாணத்துல உங்க வீட்டம்மா எதைங்க மிதிச்சாங்க?"

அந்த ஆபீசர் சிரித்துவிட்டு, பெட்டியை அவரே மூடித் தள்ளிவிட்டார்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு சாயங்காலம் போய் இறங்கினோம். மறுநாள் விடியும்போதே எழுந்து கடலைப் பார்க்க மணலில் நடந்தேன். கிழக்கு வெளுக்கிறதா என்று திரும்பிப் பார்த்தேன். ஹோட்டல் பக்கம் இருட்டாகவே இருந்தது. மறுபடி கடலைப் பார்த்தேன். தண்ணீருக்கு மேலே சிவப்பு ஏறியது. சற்று நேரத்தில் சூரியன் கடலிலிருந்து எழும்பி என் முகத்துக்கு நேராக நின்றது.

கடல் கிழக்கே இருக்கிறது. அந்தத் தாளில் மேல்பக்கம் வடக்கு இல்லை, தெற்கு. சர்க்கார் புலப்படம் மாதிரிதான் ஊர் உலகமெல்லாம் வரைவார்கள் என்று நான் நினைத்துவிட்டேன். வடக்கு எது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மற்றவர்கள் கேட்காததற்கும் நான்தான் காரணம். நான் சொன்னால் மறு பேச்சு இல்லை என்று வளர்த்து வைத்திருக்கிறேன்.

காப்பி குடிக்கிற இடத்தில் எல்லோரையும் வைத்துக்கொண்டே சொன்னேன். "நான் தப்பாப் பாத்துட்டேன். கடல் கிழக்கால இருக்கு. மணையில உக்காந்தா பின்னாடி இந்தச் சாப்பாட்டுக் கூடமும் காயப்போட்ட துண்டும்தான் தெரியும்."

கல்யாணப் பெண் என் முகத்தையே பார்த்தாள். அழவில்லை. "மேற்கு பாத்து உக்காந்துக்கலாமா அம்மாச்சி?" என்றாள், மெதுவாக.

நான் பதில் சொல்லுமுன் படம் எடுக்கிற பெண் தலையை ஆட்டினாள். "அப்ப வெயில் உங்களுக்குப் பின்னாடி வந்துரும். கடல் பளிச்சுனு இருக்கும், உங்க ரெண்டு பேர் மூஞ்சியும் கருப்பாயிரும்."

மறுபடியும் முகம் இல்லாத படம். அது மட்டும் ஆகாது என்று எழுந்தேன்.

"எங்கம்மா போற?" என்றான் சின்ன மகன்.

"நாலு மூலையும் நடந்து பாக்காம நிலம் எடுத்துட்டேன்ல, இப்ப நடக்கப் போறேன்."

அவனும் கூடவே வந்தான். ஹோட்டலின் வேலி ஓரமாகவே நடந்தோம். சமையல்கட்டுக்குப் பின்னால் இரண்டு பெண்கள் மீன் அலசிக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டினால் அகலமாக ஒரு கழி; கடல் தண்ணீர் உள்ளே வந்து தேங்கி நிற்கிற இடம். நாற்று நடுவதற்கு முன்னால் நீர் கட்டிய வயல் மாதிரி ஒரு அசைவும் இல்லை. கரையிலிருந்து ஒரு மரத்துறை மேற்கே நீண்டு தண்ணீருக்குள் போனது. முனையில் படகு ஏறுவதற்காகச் சதுரமாகப் பலகை அடித்திருந்தார்கள்.

நான் நடந்துபோய் அந்த முனையில் கிழக்கு பார்த்து உட்கார்ந்தேன். வெயில் சமையல்கட்டுக் கூரையைத் தாண்டி முகத்தில் விழுந்தது. முதுகுக்குப் பின்னால் தண்ணீர் மட்டும்தான்.

"கூப்புடு அவங்கள" என்றேன்.

படம் எடுக்கிற பெண் ஓடி வந்து, என்னை உட்கார்ந்தபடியே எடுத்துப் பார்த்தாள். "இது கடலை விட நல்லா இருக்கு பாட்டி. ஆனா கண்ணு சுருங்குது. எதிர்வெயில் நேரா அடிக்குது. மெல்லிசா ஒரு துணி இருந்தா..."

"எட்டு முழ வேட்டி போதுமா?"

"அதைவிட வேற என்ன வேணும்!"

என் பேத்தி கரையிலேயே நின்றாள். "கடல் இல்லையே அம்மாச்சி" என்றாள். அப்புறம் துறையில் நடந்து வந்தாள். பாதியில் நின்று இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டினாள். இரண்டு விரல்நுனியும் தண்ணீருக்கு மேலே நின்றன. துறை அவ்வளவு குறுகல். திரும்பிக் கரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இங்க யாரும் குறுக்க வர முடியாதுல்ல?"

"நான்கூட வர முடியாது" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அப்போது தெரிந்தது, அவளுக்கும் நினைவிருக்கிறது என்று.

ஹோட்டல் மேனேஜர் அது படகு கட்டுகிற இடம், விருந்தாளிகளுக்கு இல்லை என்றாராம். மாப்பிள்ளை பேசிச் சரிபண்ணினார். மறுநாள் காலையில் முனையில் மணை போட்டு, அதற்கு முன்னால் செங்கல் அடுக்கி ஐயர் தீ வளர்த்தார். மாப்பிள்ளையின் தங்கை முடிச்சுப் போடப் பெண்ணின் முதுகுக்குப் பின்னால் மறைவாகக் குனிந்திருந்தாள். அவர்களைத் தவிர அங்கே படம் எடுக்கிற பெண் மட்டும், மண்டியிட்டு. துறைக்கு இரண்டு பக்கமும் படகுக்கு ஒருவராக என் மகன்கள் நின்று, வேட்டியைக் கம்பில் கட்டி உயரத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். வெயில் அதில் வடிகட்டிப் பால்போல இறங்கியது.

"அண்ணே, ஆட்டாதண்ணே, நான் விழுந்துருவேன்!"

"நீ விழுந்தாலும் வேட்டிய விட்டுறாதடா!"

சனம் எல்லாம் கரையில். துறை வாசலில் நான் ஒரு கயிறு கட்டச் சொல்லியிருந்தேன். சம்பந்தி வீட்டு அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "பெரியவங்க நாம கிட்ட நின்னு ஆசீர்வாதம் பண்ண வேணாமாங்க?" என்றார். "நம்ம ஆசீர்வாதம் இவ்வளவு தூரம் எட்டலன்னா, கிட்டப் போனா மட்டும் என்னங்க ஆவப்போவுது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார்.

ஐயர் கையைத் தூக்கினார். ஸ்பீக்கரில் கெட்டிமேளம் கொட்டியது. என்னைக் கேட்காமலே என் கால் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டது. ஆறு கல்யாணத்தில் ஓடிப் பழகிய கால். கயிறு வயிற்றில் பட்டதும் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். எறிந்த அட்சதை பாதி தூரம்கூடப் போகவில்லை, எல்லாம் தண்ணீரில் விழுந்தது. சின்னச் சின்ன மீன்கள் வந்து கொத்தின.

சாப்பாட்டுக்கு முன்னாலேயே படம் எடுக்கிற பெண் அந்தப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். பின்னால் தண்ணீர், தூரத்தில் பச்சையாக ஒரு கோடு. இரண்டு முகமும் தெளிவு. மாப்பிள்ளையின் இரண்டு கையும் கயிற்றோடு என் பேத்தி கழுத்தில். நடுவில் ஒருத்தர் இல்லை. என் மூத்த மகள் அதை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அவளுக்குச் சாப்பாடு வேண்டியிருக்கவில்லை. நான்தான் தட்டில் போட்டு ஊட்டினேன்.

கல்யாணப் பெண் தன் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப் போகிறாளாம். அந்தப் பழைய படம், இந்தப் புதுப் படம். பழைய படத்தில் நிற்பது யார் என்று வருகிற பிள்ளைகள் கேட்பார்கள். அதற்குத்தான் என் வாக்கைக் கேட்டாள். கேட்டதும் நல்லதுதான், நானே சொல்லிவிட்டேன்.

இதோடு போதும், பேனாவை மூடு. எங்கே, மொதல்லேருந்து வாசிச்சுக் காட்டு தங்கம். அப்பாயிக்குக் கோவம் வரும்னு முதுகு வர்ற எடத்த முழுங்கிடாத. அத நிறுத்தி வாசி.