இரண்டு குழி ஹோல்டர்

எட்டாம் வகுப்பில் எனக்குச் சித்தப்பா மகளைக் கண்டாலே வயிறு எரியும். பூசி மெழுக ஒன்றுமில்லை, பொறாமைதான். ஒரே வயது, ஒரே வகுப்பு, கீரமங்கலத்தில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால் அவள் அப்பா துபாயில். என் அப்பா பூ மார்க்கெட்டில் மூட்டை தூக்கினார்.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி வைத்தார்கள். கரண்ட் போனால் எரிகிற விளக்கு செய்வதென்று இரண்டு பேரும் தனித்தனியாகக் கிளம்பினோம். செல்போன் கடை அண்ணன் உடைந்த பவர் பேங்க் ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். உள்ளே விரல் நீளத்துக்கு இரண்டு லித்தியம் செல். ஆளுக்கு ஒன்று.

அதுவரை சமம். பிறகு துபாயிலிருந்து அவளுக்குப் பார்சல் வந்தது. கறுப்பு பிளாஸ்டிக்கில் ஒரு பேட்டரி ஹோல்டர். இரண்டு குழி, ஸ்பிரிங், சிவப்பும் கறுப்புமாக வயர். ஒரு குழியில் செல் இருந்தாலே விளக்கு எரியும். செல்லை வைத்து அழுத்தினால் டக்கென்று உட்கார்ந்துகொள்ளும். நானோ செல்லின் இரண்டு முனையிலும் வயரை வைத்து ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். தும்மினால் அணைந்துவிடும்.

"ஒரு குழி சும்மாதாண்டி கெடக்கு. ஒன்னோட செல்லையும் இதுல போடு. ரெண்டு பேரு பேரையும் எழுதுவோம்" என்றாள்.

"ஒன் பிச்சை எனக்கு வேணாம். போடி அங்கிட்டு" என்றேன்.

கண்காட்சியன்று காலையில் என் விளக்கு எரியவே இல்லை. அவளுடையது பளிச்சென்று எரிந்தது. மிஸ்கூட நின்று பார்த்துவிட்டுப் போனார். சார்ட் ஒட்டப் பசை வாங்க அவள் நகர்ந்தாள். எனக்கு எரியாதது அவளுக்கும் எரியக் கூடாது. என் செல்லை எடுத்து, அந்தக் காலிக் குழியில் தலைகீழாக வைத்து அழுத்தினேன். டக்.

விளக்கு அணையும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். ஸ்பிரிங் சிவந்தது. பிளாஸ்டிக் உருகிப் புகைந்தது. ஓடி வந்தவள் வெறுங்கையால் செல்லைப் பிடுங்கப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டாள். மிஸ் மணல் வாளியை அப்படியே கவிழ்த்தார்.

"யாருடி மாத்திப் போட்டது?"

அவள் மணலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நாந்தான் மிஸ். தெரியாமப் போட்டுட்டேன்."

அதற்கும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. நல்ல பிள்ளை வேஷம் போடுகிறாளாம்.

சாயங்காலம் அம்மா என்னை அவள் வீட்டுக்குத் துரத்திவிட்டாள். சித்தி அவள் விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டே திட்டிக்கொண்டிருந்தாள்.

"ஒத்தச் செல்லுக்கு ஒத்தக் குழி போதும்டின்னு அவுக அப்பா போன்ல படிச்சுப் படிச்சுச் சொன்னாக. கேட்டாளா? ரெண்டு குழி வச்சதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. இப்ப ரெண்டும் போச்சு!"

அவள் என் பக்கம் திரும்பாமல் விரலை ஊதிக்கொண்டிருந்தாள்.

ஒன்று போதாதா, பேராசை பிடித்தவள் என்று நினைத்துக்கொண்டே சித்தி கொடுத்த முறுக்கைக் கடித்தேன். அன்றைக்கு என் புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.