மாமா தூங்கிய படம்

பத்து வயதில் நான் பார்த்த ஒரு படத்தின் கதை இன்றைக்கும் எனக்குத் தெரியாது. கதை இருந்ததா என்பதே சந்தேகம்தான். கதாநாயகன் கதவைத் திறந்தால் அதையே நாலு மூலையிலிருந்து நாலு தடவை காட்டினார்கள். அவன் தண்ணீர் குடித்தால்கூட நூறு டிரம் முழங்கியது. உலகத்திலேயே சிறந்த படம் இதுதான் என்று இடைவேளைக்கு முன்பே முடிவு கட்டிவிட்டேன்.

கூட்டிப்போனவர் என் தாய்மாமா. சிங்கப்பெருமாள் கோயில் பக்கம் ஒரு தொழிற்சாலையில், இரும்புத் தகட்டை அடித்து வளைக்கும் மிஷினில் அவருக்கு வேலை. செங்கல்பட்டில் எங்களோடுதான் இருந்தார். லீவு நாளில் படுத்தாலும் தூக்கம் வராமல் புரளுவார். "படம் நல்லா இருந்தா வாராவாரம் இட்டுகினு போறன்டா" என்று சொல்லியிருந்தார். ஆகவே மாமாவுக்குப் படம் பிடித்தாக வேண்டும். என் எதிர்காலமே அதில்தான் இருந்தது.

முதல் சண்டையிலேயே மாமா தூங்கிவிட்டார்.

நாற்காலி அதிர்ந்தது. அவர் முகத்தில் சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் ஓடி ஓடி மறைந்தது. மீன்தொட்டிக்குள் உறங்குகிறவர் போல, வாய் லேசாகத் திறந்து, அவ்வளவு நிம்மதி. கிள்ளிப் பார்த்தேன். பாப்கார்னை மூக்கில் செருகிப் பார்த்தேன். ஊஹூம்.

கதாநாயகனின் அம்மா சாகும் இடத்தில் இசை சட்டென்று நின்றது. படத்திலேயே அமைதியான ஒரே இடம். மாமா துள்ளி எழுந்தார்.

"எவன்டா மிஷின நிறுத்துனது?"

தியேட்டரே சிரித்தது. "அண்ணாத்த, குந்து! இன்னும் ஷிப்டு முடியல!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நான் என்ன செய்தேன்? பாப்கார்னோடு இரண்டு நாற்காலி தள்ளிப் போய், அவர் யாரோ நான் யாரோ என்று உட்கார்ந்துகொண்டேன்.

வெளியே வந்தால் காது அடைத்திருந்தது. பஸ்கள் பஞ்சின்மேல் ஓடின. பூ விற்கும் அம்மா வாயை அசைத்தாள், குரலைக் காணோம். கனவுக்குள் நடப்பது போல நடந்தேன். என் குரல் எனக்கே கேட்காததால் கத்தினேன்: "எப்டி மாமா படம்?"

"சூப்பர்டா! அடுத்த வாரமும் வரலாம்."

பிழைத்தேன்.

அந்தக் குஷியில் பைக்கை மாமல்லபுரத்துக்கே விட்டார். திருக்கழுக்குன்றம் தாண்டும்போது 'பொட்'டென்று என் காது திறந்துகொண்டது. காற்று, பைக், மாமாவின் சீட்டி எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன.

கடல் அன்றைக்குப் பாறையில் மோதி மோதி இரைந்துகொண்டிருந்தது. மாமா மணலில் மல்லாந்து, கண்ணை அகலத் திறந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தியேட்டர் பழக்கத்தில் நான் இன்னும் கத்தித்தான் பேசினேன்.

"இங்க தூங்கேன் மாமா! காத்து ஜில்லுனு கீது."

"எங்கடா தூங்கறது? ஒரு சத்தமும் இல்லியே" என்றார்.

என்னைச் சிரிக்கவைக்கத்தான் சொல்கிறார் என்று மணலில் உருண்டு உருண்டு சிரித்தேன். அவர் காதும் திருக்கழுக்குன்றத்திலேயே திறந்திருக்கும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.